நார் சுற்றிய நெளிகுழாய்: வடிந்த ஏரித்தரைக்கு எப்போது வாங்கலாம்?

ஏரி வடிந்து தரை தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் விலை விசாரிப்பது நிலத்தடி வடிகால் குழாயைத்தான். துளையிட்ட பிளாஸ்டிக் நெளிகுழாய், மேலே நார் உறை, சுருள் சுருளாக வரும். ஒரு மீட்டர் ஆழத்தில் வரிசையாகப் புதைத்து வாயை ஓடைப் பக்கம் திறந்துவிட்டால், வேர் மட்டத்தில் தேங்கும் தண்ணீரை வாங்கி வெளியே விடும். ஒரு காலத்தில் 30 செ.மீ. நீளச் சுட்ட மண் குழாய்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் செய்த வேலையை இன்று ஒரு இயந்திரம் ஒரே ஓட்டத்தில் செய்து முடிக்கிறது. பொருள் நல்ல பொருள். ஆனால் ஏரித்தரையில் இது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதல் வருஷமே வாங்கிப் புதைத்துவிட்டு ‘குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை’ என்பவர்கள் குழாயைக் குறை சொல்கிறார்கள். தப்பு குழாயில் இல்லை, புதைத்த நாளில் இருக்கிறது.

(ஏரியை வடிக்கலாமா கூடாதா என்பது தனி வழக்கு. இங்கே பேச்சு, ஏற்கெனவே வடிந்து, திரும்ப நிரப்பப் போவதில்லை என்று முடிவான தரையைப் பற்றி மட்டும்.)

ஏரி அடியில் இருக்கும் களி ஒருநாளும் காய்ந்து பார்த்ததில்லை. தண்ணீருக்குள்ளேயே படிந்த துகள்கள், நடுவில் முழுக்கத் தண்ணீர். எடை போட்டால் மண்ணைவிடத் தண்ணீர் அதிகம். அதில் வெடிப்பு இல்லை, வேர்த்தடம் இல்லை, புழு போன துளை இல்லை. தண்ணீர் நிறைய இருக்கிறது, நகர வழிதான் இல்லை. அந்தச் சேற்றில் குழாயைப் பதித்தால் குழாயைச் சுற்றி நாலு விரல் அகலம் வடியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அதே களி ஒருமுறை நன்றாகக் காய்ந்து பிளந்துவிட்டால் கதையே மாறும். அந்தப் பிளவுகள் மறுபடி நனைந்தாலும் முழுதாக மூடிக்கொள்ளாது. தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் குழாய்க்கு ஓடி வரும். களியை இந்த நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் பதப்படுத்துவது என்கிறோம். பதம் ஏறிய ஏரிக்களி, சாதாரண வயல் களியைவிட வேகமாக நீர் விடுவதைப் பார்க்கலாம்.

பதம் ஏறிவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம், கை போதும். மண் துளைப்பானால் 20, 40, 60, 80, 100 செ.மீ. ஆழங்களில் மண் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து முஷ்டியை இறுக்குங்கள். விரலிடுக்கில் தானாகப் பிதுங்கி வழிந்து, கையைத் திறந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது பச்சைச் சேறு. அழுத்தினால் பாதி பிதுங்கி, பாதி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டால் அரைப்பதம். நன்றாக இறுக்கியும் கொஞ்சம்தான் வெளியே வந்தால் முக்கால் பதம். எவ்வளவு இறுக்கினாலும் பிதுங்காமல் கட்டியாகவே நின்றால் பதம். 80 செ.மீ. வரை பிதுங்கக் கூடாது, ஒரு மீட்டரில் முக்கால் பதமாவது இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குழாய்க்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வயலில் ஒரே இடத்தில் எடுத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஏரியின் பழைய ஓடைத்தடமும் ஆழமான குழிகளும் இருந்த இடத்தில் சேறு தடிமனாக இருக்கும். மேட்டில் பதம் வந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் பள்ளம் பச்சையாகவே கிடக்கும்.

மணல் கலந்த தரையில் ஒரு வருஷத்தில் பதம் வந்துவிடும். கனத்த களியில் நாலைந்து வருஷம்கூட இழுக்கும். அந்த இடைக்காலத்தில் வேலை செய்வது குழாய் அல்ல, செடியும் திறந்த வாய்க்காலும்தான். நெதர்லாந்தின் ஐசெல்மீர் ஏரியில் செய்தது இதற்குச் சரியான பாடம். கிழக்கு ஃபிளேவோலாந்து 1957-லும் தெற்கு ஃபிளேவோலாந்து 1968-லும் தண்ணீருக்கு மேலே வந்தன. ஆளோ வண்டியோ இறங்க முடியாத சேறு என்பதால் விமானத்திலிருந்து நாணல் விதையைத் தூவினார்கள். நாணல் தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கியது, வேரால் சேற்றைத் துளைத்தது, வேறு களை எழும்பாமல் தரையை மூடியது. பிறகு திறந்த வாய்க்கால்கள் வெட்டி, நாணலை ஒழித்து, முதல் பயிராக ரேப்சீட் எனும் எண்ணெய்க்கடுகு, அதற்குப் பின் கோதுமை, பார்லி என்று அரசே சில வருஷம் பயிர் வைத்தது. நிலம் நிலைப்பட்ட பிறகுதான் வாய்க்காலைத் தூர்த்துக் குழாய் பதித்து, விவசாயிகளிடம் கொடுத்தார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி மிச்சம் பிடித்தவர் யாரும் இல்லை.

இடைக்கால வாய்க்காலுக்கு 60 செ.மீ. ஆழம் போதும். கனத்த களியில் 8 முதல் 16 மீட்டருக்கு ஒன்று வெட்டுங்கள். பிற்பாடு குழாய் வரப்போகும் கோடுகளை நினைவில் வைத்து வெட்டினால் இரட்டை வேலை மிச்சம். முதல் வெட்டில் கரை சரியும். பதறாமல் சில மாதம் கழித்து அதே கோட்டில் இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள். ஒரேயடியாக ஒரு மீட்டர் வெட்டினால் மறுநாளே பக்கச்சேறு வந்து மூடிக்கொள்ளும். முதல் பயிருக்கு யூரியா போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புது ஏரித்தரையில் மக்கு மட்கித் தரும் தழைச்சத்தே மிகுதி. அதற்கு மேல் போட்டால் தானியப்பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும்.

நெல் மட்டும்தான் பயிர் என்றால் குழாயே வேண்டாம், இந்த மதிப்புரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கேரளத்தின் குட்டநாட்டில் வேம்பநாட்டுக் காயலை வரப்பு கட்டி மீட்ட நிலங்களில், கடல் மட்டத்துக்குக் கீழே, குழாய் இல்லாமலே நெல் விளைகிறது. ‘பெட்டியும் பறையும்’ என்று அவர்கள் சொல்லும் மரப்பெட்டி பம்பும் வெளிவரப்பும்தான் அங்கே முதுகெலும்பு. குழாய் வேண்டியது கிழங்கு, பயறு, காய்கறி, பழமரம் போல வேருக்குக் காற்று கேட்கும் பயிர்களுக்கு.

இனி குழாய். 50 முதல் 160 மி.மீ. வரை வெளிவிட்டங்களில் வருகிறது. வயல் வரிசைக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் 60 அல்லது 65-ஐ நீட்டுவார்கள், விலை குறைவு என்பதால். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் நீள வரிசை, வரிசைக்கு வரிசை 20 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு குழாய் 4,000 சதுர மீட்டர் நிலத்துக்குப் பொறுப்பு. ஒரு நாளைக்கு 7 மி.மீ. நீரை வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 28 கன மீட்டர், அதாவது நொடிக்கு 0.32 லிட்டர். 65 மி.மீ. நெளிகுழாய், 100 மீட்டருக்கு 10 செ.மீ. வாட்டத்தில் (சரிவில்), முழுக்க நிரம்பி ஓடினால் விடுவது சுமார் 0.35 லிட்டர். காகிதத்தில் சரிதான். ஆனால் குழாயில் கொஞ்சம் வண்டலோ, நீரோடு வரும் இரும்புத் துருவோ படிந்தாலும் கணக்கு கவிழும். 80 மி.மீ. எடுத்தால் அதே வாட்டத்தில் 0.6 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏரித்தரைக்கு எங்கள் பரிந்துரை 80 தான். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இடைவெளியில் பிடியுங்கள். பதம் நன்றாக ஏறி வெடிப்பு விட்ட களியில் 20 மீட்டரைத் தாண்டியும் வைக்கலாம். 10 மீட்டர் இடைவெளிக்கு ஹெக்டேருக்கு 1,000 மீட்டர் குழாய், 20 மீட்டருக்கு 500 மீட்டர். இரண்டு வருஷம் பொறுத்துப் பதம் ஏறவிட்டால் குழாய்ச் செலவு பாதியாவது இப்படித்தான்.

வாங்கும்போது ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். துளைகள் நெளிவின் பள்ளத்தில் இருக்க வேண்டும், மேட்டில் அல்ல. வெட்டு சுத்தமாக, உள்பக்கம் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பிசிறில்தான் துருவும் நாரும் முதலில் மாட்டும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த சுருளை வாங்காதீர்கள். பி.வி.சி. நொறுங்க ஆரம்பித்திருக்கும், நார் உறை தொட்டாலே பொடியாகும். முழங்காலில் வைத்து வளைத்தால் விரிசல் சத்தம் கேட்கிறதா என்பதே போதுமான சோதனை.

உறைதான் அதிகம் ஏமாறும் இடம். உறையின் வேலை மண்துகள் குழாய்க்குள் போகாமல் தடுப்பதும், குழாயைச் சுற்றித் தண்ணீர் எளிதாக வர இடம் விடுவதும். நுண்மணலும் வண்டலும் உள்ள தரையில் உறை கட்டாயம். களிச்சத்து 25–30 சதவீதத்துக்கு மேல் இருந்து, பதம் ஏறி, கட்டி உடையாமல் நிற்கும் மண்ணில் உறை இல்லாத குழாயே போதும். பச்சைச் சேற்றில் எந்த உறையும் உதவாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். சந்தையில் மூன்று வகை உண்டு. தேங்காய் நார் மலிவு, புதிதாக இருக்கும்போது நீர் நன்றாக விடும். ஆனால் மக்கு மிகுந்த வெப்பமான மண்ணில் சில வருஷத்திலேயே மட்கிப்போகும். அதற்குள் சுற்றுமண் நிலைத்துவிட்டால் சரி, இல்லையென்றால் வண்டல் நேரே உள்ளே இறங்கும். தளர்வாகச் சுற்றிய பாலிப்ரொப்பிலீன் நார் மட்காது. அதில் 450, 700 என்று எண் போட்டு வருவது இடைவெளியின் அளவு, மைக்ரானில். நுண்ணிய வண்டலுக்கு 450, துருத்தொல்லை இருக்கும் இடத்தில் 700. மூன்றாவது, காலுறை போல இழுத்து மாட்டிய மெல்லிய துணி. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஏரித்தரைக்கு வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தத் துணியின் கண்களைக் களியும் துருவும் சேர்ந்து சீக்கிரம் அடைத்துவிடும்.

துரு என்று பல முறை சொல்லிவிட்டோம், அதுதான் ஏரித்தரைக் குழாயின் பெரிய எதிரி. ஏரி அடியில் காற்று இல்லாததால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். கரைந்த இரும்போடு வரும் நீர் குழாய்க்குள் காற்றைச் சந்தித்ததும் காவி நிறச் சளியாகப் படியும், இரும்புப் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். குழாய் வாயில் ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாகத் தொங்குவது அதுதான். முன்கூட்டியே தெரிந்துகொள்ள, குழி தோண்டி ஊறும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் திறந்து வையுங்கள். தெளிவாக வந்த நீர் சில மணி நேரத்தில் பழுப்பாக மாறினால் துரு நிச்சயம். அப்படிப்பட்ட இடத்தில் குழாய் வாயை ஓடை நீருக்குள் மூழ்கியே இருக்கும்படி வைப்பது ஒரு வழி. காற்று உள்ளே போகாது, துரு படிவதும் குறையும்.

இரும்போடு கந்தகமும் சேர்ந்து பைரைட் ஆகப் படிந்திருந்தால் சிக்கல் குழாயைத் தாண்டியது. தண்ணீருக்கடியில் அது சாதுவாகக் கிடக்கும். நீர்மட்டம் இறங்கிக் காற்று பட்டதும் கந்தக அமிலம் ஆகும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4-க்குக் கீழே போய், பயிர் வேர் கருகி, வெடிப்புகளின் ஓரம் வைக்கோல் மஞ்சளில் ஜாரோசைட் எனும் கனிமம் பூக்கும். நெதர்லாந்தின் ஹார்லெம்மர்மீர் 1852-ல் மூன்று நீராவிப் பம்பு நிலையங்களால் வற்றியபோதும், குட்டநாட்டில் ‘கரி’ எனப்படும் கருமண் நிலங்களிலும் இதே அமிலம்தான் தொல்லை கொடுத்தது. குழாய் என்ன செய்கிறது? நீர்மட்டத்தை இன்னும் கீழே இழுத்து இந்த அமிலத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அதனால் குழாய் ஆழத்தை முடிவு செய்யும் முன் சோதனை அவசியம். மண் மாதிரியில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பைரைட் உள்ள மண் பொங்கும், பி.எச். 2.5 வரைகூட விழும். தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மக்கு நிறைந்த மண்ணும் பொங்கும் என்பதால் பொங்குவதை மட்டும் நம்பாமல் பி.எச். அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு செ.மீ. தடிமன் வில்லையாக மண்ணை ஈரம் காயாமல் எட்டு வாரம் வைத்து மறுபடி அளவெடுங்கள். பைரைட் 90 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குழாயை அதற்கு மேலேயே நிறுத்துங்கள். மேலேயே இருந்தால் சுண்ணாம்புக் கணக்கு இது: 10 செ.மீ. தடிமன் மண், ஹெக்டேருக்கு சுமார் 1,000 டன். அதில் 1 சதவீதம் பைரைட் கந்தகம் என்றால் அதன் அமிலத்தை முழுதாக அடக்க 31 டன் சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு பலர் நெல்லுக்கே திரும்பிவிடுவார்கள், அது புத்திசாலித்தனமும்கூட.

பதிப்பு வேலைக்கு வரும் ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாட்டம் பிடிக்கும் லேசர் இருக்கிறதா என்பது. 200 மீட்டரில் மொத்த வாட்டமே 20 செ.மீ. தான். கண் மட்டத்தில் ஓட்டினால் குழாய் பாம்பு போல ஏறி இறங்கும். ஏற்ற இறக்கம் குழாய் விட்டத்தில் பாதியைத் தாண்டினால் பள்ளத்தில் வண்டல் தங்கும், மேட்டில் காற்று அடைக்கும். இரண்டாவது கேள்வி எந்த இயந்திரம் என்பது. சங்கிலியால் பள்ளம் வெட்டிக் கொண்டே குழாய் போடும் ட்ரெஞ்சர் நல்லது. பள்ளமே வெட்டாமல் கலப்பை போல மண்ணைத் தூக்கிக் குழாயை நுழைக்கும் இயந்திரம் வேகமானது, மலிவானது. ஆனால் அடிமண் ஈரமாக இருந்தால் குழாயைச் சுற்றிக் களியை மெழுகிவிடும், தண்ணீருக்கு வழி இருக்காது. நீர்மட்டம் குழாய் ஆழத்துக்குக் கீழே இருக்கும் வறண்ட பருவத்தில்தான் பதிக்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் காலிக்குழாய் மிதக்கும், மண் தள்ளும்போது வாட்டம் போய்விடும். சுருளை இழுத்துப் போடும்போது நீளம் கூடினால் துளையும் விரியும், சுவரும் மெலியும். தாராளமாகத் தளர்த்திவிடச் சொல்லுங்கள். மூடும்போது முதல் 25 செ.மீ. மேல்மண், பொலபொலப்பானது, குழாய் மேல் விழ வேண்டும். தோண்டிய அடிக்களியை முதலில் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கும் சோம்பேறித்தனம்.

ஏரித்தரை பதித்த பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும், இதை விற்பவர்கள் சொல்வதில்லை. குழாய்க்கு மேலே உள்ள மண் சுருங்கினால் மூடுமண் குறையும். அதனால் 1.2 மீட்டரில் வைத்தால்தான் சில வருஷம் கழித்து ஒரு மீட்டராவது மிஞ்சும். குழாய்க்குக் கீழே உள்ள சேறு சுருங்கினால் குழாயே இறங்கும், அதுவும் ஒரு இடத்தில் அதிகம் ஒரு இடத்தில் குறைவாக. முதல் பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாக ஓடையில் விழட்டும். எல்லாவற்றையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்தால் ஒரு இணைப்பு இறங்கியதும் பத்து வரிசை நிற்கும், கழுவவும் வழி இருக்காது. ஓடை வழியாக வரும் நீரை வெளியே தள்ளப் பம்பு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 100 ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 12 மி.மீ. என்றால் 12,000 கன மீட்டர், நொடிக்கு 139 லிட்டர். தூக்கும் உயரம் குறைவு என்பதால் விசிறி போன்ற இலை சுழன்று நீரைத் தள்ளும் அச்சுப்போக்குப் பம்பு ஏற்றது.

பீட் எனும் மக்குமண் நிறைந்த ஏரித்தரைக்கு மட்டும் இந்தக் குழாயைப் பரிந்துரைக்க மாட்டோம். இங்கிலாந்தின் விட்டில்சீ மியர் ஏரி 1850-களின் தொடக்கத்தில் வற்றியபோது பக்கத்து ஹோம் ஃபென்னில் ஒரு இரும்புத் தூணைத் தரை மட்டத்தோடு இறக்கினார்கள். இன்று அது தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் நிற்கிறது. மக்குமண் காற்றுப் பட்டுச் சிதைந்து மறையும் வேகம் அப்படி. இஸ்ரேலின் ஹூலா ஏரியை 1950-களில் வடித்த பிறகு பீட் தரை தீப்பிடித்தது, தூசியாகப் பறந்தது, இறங்கியது. 1994-ல் ஒரு பகுதிக்குத் திரும்பத் தண்ணீர் விட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீர்மட்டத்தை முடிந்தவரை உயர்த்தி வைத்துப் புல் வளர்ப்பதுதான் பிழைக்கும் வழி.

பதித்து முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, வளையும் கம்பியின் நுனியில் குழாயைவிடச் சற்றுச் சிறிய குமிழ் மாட்டி ஒவ்வொரு வரிசையிலும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். நின்ற இடத்தைத் தோண்டச் சொல்லுங்கள். இரண்டு, அடுத்த பெரிய மழைக்கு முன் துளையிட்ட சிறு குழாய்களை நட்டு வையுங்கள்: வரிசைக்கு 40 செ.மீ. தள்ளி ஒன்று, இரண்டு வரிசைக்கு நட்டநடுவில் ஒன்று. இரண்டிலும் நீர் உயரமாக நின்று, குழாய் வாயில் ஒழுக்கு இல்லை என்றால் அடைப்பு குழாயை ஒட்டி, அதாவது உறையில் அல்லது மெழுகிய களியில். குழாயருகே இறங்கி நடுவில் மட்டும் நின்றால் உறை நன்றாக இருக்கிறது, இடைவெளிதான் அதிகம் அல்லது மண் இன்னும் பதம் ஏறவில்லை. இந்த இரண்டு குறைக்கும் மருந்து வேறு என்பதால் இதைப் பார்க்காமல் கழுவும் வண்டியைக் கூப்பிடாதீர்கள்.

கழுவும்போது பம்பில் 20 முதல் 35 பார் அழுத்தம் போதும். 80 பாருக்கு மேல் வைக்கும் ஆட்கள் உண்டு. அந்த வேகம் துளை வழியாக வெளியே பாய்ந்து சுற்றுமண்ணைக் கரைத்து, அதே மண்ணைக் குழாய்க்குள் கொண்டுவரும். துருத்தொல்லை உள்ள இடத்தில் முதல் சில வருஷம் ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை.

குழாய் வாய்க்கு நெளிகுழாயையே நீட்டிவிடாமல் ஒன்றரை மீட்டர் கெட்டிக்குழாய் மாட்டி, எலி புகாத மூடி போடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் எண் எழுதிய முளைக்குச்சி ஒன்று வரப்பில் நிற்கட்டும். ஓடைக்கரையில் நாணல் மறுபடி தழைக்கும், அதை அறுக்க வரும் இயந்திரம் கண்ணில் படாத குழாய் வாய்களையும் சேர்த்தே அறுத்துக்கொண்டு போகும்.